முதல் உலகப் போரில் ஒரு சாதாரணக் கனடியச் சிப்பாய் என்ன செய்தார்?

கேள்வி இதுதான்: மகளுக்குப் பள்ளியில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளான நவம்பர் 11-ஐ ஒட்டி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊர் நினைவுத்தூணில் பொறித்திருக்கும் ஒரு பெயரை எடுத்து, அந்த மனிதரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். அவருடைய சேவைக் கோப்பை இணையத்தில் எடுத்துவிட்டார்கள். 1916-இல் சேர்ந்திருக்கிறார், 1918 செப்டம்பரில் இறந்திருக்கிறார். ஆனால் கோப்பில் சண்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சம்பளக் கணக்கும் மருத்துவச் சீட்டும்தான் இருக்கின்றன. "இந்த மனிதர் போரில் உண்மையில் என்னதான் செய்தார்?"

இந்தக் கோப்புகளைச் சில ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கையில் இருக்கும் கோப்பில் எந்தக் குறையும் இல்லை. சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான் இருக்கும். ஒரு ஆளுக்கு எவ்வளவு சம்பளம் தர வேண்டும், அவர் இப்போது எங்கே இருக்கிறார், உடம்பு எப்படி, தண்டனை ஏதும் உண்டா, செத்துப்போனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஐந்து விஷயங்களுக்காகத்தான் ராணுவம் அந்தக் கோப்பை வைத்திருந்தது. அவர் என்ன வீரம் காட்டினார் என்று எழுதிவைப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளக் கணக்கையும் மருத்துவச் சீட்டையும் பொறுமையாக வாசித்தால், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு போர் அதற்குள் தெரியும். அந்தப் போரில் சிப்பாய் பெரும்பாலான நாட்கள் மண் வெட்டினார், சுமை தூக்கினார், காத்திருந்தார், காய்ச்சலில் கிடந்தார். மிகச் சில நாட்கள் மட்டும் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் எதிரே நடந்து போனார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போர் அறிவித்ததும், பேரரசின் பகுதி என்பதால் கனடாவும் தானாகவே போரில் இருந்தது. அப்போது கனடாவின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் குறைவு. நிரந்தர ராணுவத்தில் சுமார் 3,000 பேர்தான். நான்கு ஆண்டுகளில் சுமார் 6,20,000 பேர் படையில் சேர்ந்தார்கள், 4,24,000 பேர் கடல் கடந்தார்கள், சுமார் 61,000 பேர் இறந்தார்கள். முதலில் கிளம்பியவர்களில் பெரும்பான்மையினர் பிரிட்டனில் பிறந்து கனடாவுக்குக் குடியேறியவர்கள். சேர்ந்த எல்லோரையும் கணக்கில் எடுத்தாலும் கனடாவில் பிறந்தவர்கள் ஏறத்தாழப் பாதிதான். தூணில் இருக்கும் பெயர் உள்ளூர்ப் பெயராக இருந்தாலும், அவர் பிறந்த ஊரைப் படிவத்தில் ஒருமுறை பாருங்கள். கிளாஸ்கோ என்றோ லிவர்பூல் என்றோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, அந்தப் படிவத்துக்கு வருவோம். கோப்பின் முதல் தாள் அதுதான். பெயர், பிறந்த ஊர், நெருங்கிய உறவினர், அவருடைய முகவரி, பிறந்த தேதி, தொழில், திருமணம் ஆனதா, அம்மை குத்திக்கொள்ளச் சம்மதமா, முன்பு படையில் இருந்ததுண்டா என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். பின்பக்கத்தில் உயரம், மார்பளவு, முகநிறம், கண் நிறம், முடி நிறம், உடம்பில் தழும்பு, மதம். தொழில் என்ற இடத்தில் விவசாயி, கூலித் தொழிலாளி, குமாஸ்தா, தச்சர் என்று வரும். ஜார்ஜ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியும் அதில்தான். எவ்வளவு காலத்துக்கு? ஓர் ஆண்டு, அல்லது போர் அதற்கு மேல் நீடித்தால் போர் முடியும்வரை, அதன் பிறகு இன்னும் ஆறு மாதம். 1914-இல் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அந்த 'ஓர் ஆண்டு' என்ற சொல்லை நம்பித்தான் போட்டிருப்பார்கள். உங்கள் ஆள் 1916-இல் சேர்ந்தவர். என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரிந்தே சேர்ந்தவர்.

பிறந்த தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். வயது 18 முதல் 45 வரை இருக்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. 16 வயதுப் பையன்கள் 18 என்றார்கள், 48 வயதுக்காரர்கள் 44 என்றார்கள். அப்படிப் பொய் சொல்லிச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இன்னொன்று, மணமானவர்கள் சேர வேண்டும் என்றால் மனைவியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று முதலில் ஒரு விதி இருந்தது. 1915 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டார்கள். ஆள் போதவில்லை.

அடுத்து சம்பளம். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கோப்பில் அதிகப் பக்கங்கள் இதுவாகத்தான் இருக்கும். சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர், அதோடு களப்படி 10 சென்ட். அதே பதுங்குகுழியில் பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு ஷில்லிங்தான், அதாவது சுமார் 25 சென்ட். ஊரில் வேலை இல்லாமல் 1913, 1914 குளிர்காலங்களைக் கழித்தவர்களுக்கு இந்த ஒரு டாலர் சிறிய விஷயம் இல்லை. தேசபக்தியும் இருந்தது, நண்பர்கள் சேர்ந்தார்கள் என்பதும் இருந்தது, ஆனால் அடுப்பு எரிய வேண்டும் என்பதும் இருந்தது. மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறவர்கள் அந்த மனிதர்களைச் சின்னவர்களாக்கிவிடுகிறார்கள்.

அந்தச் சம்பளத்தில் மாதம் 15 அல்லது 20 டாலர் நேராக வீட்டுக்குப் போகும்படி எழுதிக் கொடுப்பார்கள். அதற்கான அட்டை கோப்பில் இருக்கும். யார் பெயருக்கு, எந்த மாதத்திலிருந்து, முகவரி எப்போதெல்லாம் மாறியது என்று எல்லாம் அதில் தெரியும். கணவனைப் பிரிந்திருப்பதற்காக மனைவிக்கு அரசு தனியாக மாதம் 20 டாலர் படி கொடுத்தது. அதுவும் போதாத குடும்பங்களுக்குக் கனடிய தேசபக்த நிதி என்ற அறநிதி உதவியது. ஆனால் அது உரிமைப் பணம் இல்லை, உதவிப் பணம். அதன் சார்பில் பெண்கள் வீடு வீடாக வந்து, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணத்தை ஒழுங்காகச் செலவழிக்கிறாளா, நடத்தை எப்படி என்று பார்த்துப் போவார்கள். கணவன் பிரான்ஸில் சேற்றில் நிற்க, மனைவி தன் சமையலறையில் இப்படி ஒரு பார்வைக்கு முன் நின்றாள். அந்த அட்டையில் முகவரி மூன்று முறை மாறியிருந்தால், அந்தக் குடும்பம் வாடகை கட்ட முடியாமல் இடம் மாறியதோ என்று நான் யோசிப்பேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மகள் தன் கட்டுரையில் அந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம்.

படை எண்ணுக்கு வருவோம். பெயரை விட முக்கியமானது இது. ஒவ்வொரு பட்டாலியனுக்கும், அதாவது பல நூறு பேர் கொண்ட படைப்பிரிவுக்கும், எண்களை மொத்தமாக ஒதுக்கியிருந்தார்கள், அதனால் எண்ணைப் பார்த்தே எந்தப் பட்டாலியனில் சேர்ந்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் சேர்ந்த பட்டாலியன் வேறு, சண்டையிட்ட பட்டாலியன் வேறு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கனடா 250-க்கும் மேற்பட்ட காலாட்படைப் பட்டாலியன்களைத் திரட்டியது. பிரான்ஸில் இருந்த கனடியப் படையிலோ டிவிஷன் என்ற பெரும்பிரிவுகள் நான்கு, டிவிஷனுக்குப் பன்னிரண்டு என்று 48 பட்டாலியன்கள்தான். மீதி? இங்கிலாந்துக்குப் போய் இறங்கியதும் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டார்கள். ஆட்களைப் பிரித்து, செத்தவர்கள், காயம்பட்டவர்கள் இடத்தை நிரப்ப அனுப்பினார்கள்.

1916-இல் சேர்ந்தவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். "ஒரே ஊர்க்காரர்கள், ஒன்றாகச் சேர்வோம், ஒன்றாகப் போவோம், ஒன்றாகத் திரும்புவோம்" என்று சொல்லித்தான் உள்ளூர் பட்டாலியன்களைத் திரட்டினார்கள். மேளதாளத்தோடு ரயிலேற்றினார்கள். கடலைத் தாண்டியதும் தெருவில் கூட வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். உங்கள் கோப்பில் டி.ஓ.எஸ். என்று ஒரு சுருக்கம் அடிக்கடி வரும். ஒரு பிரிவில் கணக்கில் சேர்க்கப்பட்டார் என்று அர்த்தம். எஸ்.ஓ.எஸ். என்று வந்தால் பயந்துவிட வேண்டாம், அந்தப் பிரிவின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டார், அவ்வளவுதான். இந்த இரண்டையும் தேதியோடு ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் எங்கே, எப்போது இருந்தார் என்ற எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

இங்கிலாந்துப் பயிற்சி முகாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் போனவர்கள் சாலிஸ்பரி சமவெளியில் கூடாரங்களில் கிடந்தார்கள். 1914 அக்டோபர் நடுவிலிருந்து 123 நாட்களில் 89 நாட்கள் மழை. 1916-இல் போனவர்களுக்கு இடவசதி மேலாக இருந்தது.

பிரான்ஸ், பெல்ஜியம் முன்வரிசை எப்படி இருந்தது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. ஒரு பட்டாலியன் எப்போதும் முன்வரிசையிலேயே இருந்ததில்லை. சில நாட்கள் முன்வரிசைப் பதுங்குகுழி, சில நாட்கள் அதற்குப் பின்னால் துணைவரிசை, அப்புறம் இன்னும் பின்னால் இருப்பு, அப்புறம் ஓய்வு என்று மாறி மாறி வரும். ஓய்வு என்று பெயர்தான். அந்த நாட்களில்தான் சாலை போடுவது, குழாய் பதிப்பது, குண்டுப்பெட்டி தூக்குவது எல்லாம்.

முன்வரிசையில் இரவும் பகலும் தலைகீழாக இருக்கும். விடியலுக்கு முன் எல்லோரும் துப்பாக்கியில் கத்தியைப் பொருத்திக்கொண்டு தயார் நிலையில் நிற்பார்கள், ஏனென்றால் தாக்குதல் பெரும்பாலும் விடியலில்தான் வரும். ஒரு மணி நேரம் போல நின்றபின் வெளிச்சம் வந்துவிடும். அப்போது ரம் வரும். மண் ஜாடியிலிருந்து ஆளுக்கு ஒரு சின்ன அளவு, அதிகாரி முன்னால் அங்கேயே குடித்துவிட வேண்டும். பிறகு துப்பாக்கியைச் சுத்தம் செய்வது, பன்றி இறைச்சி கிடைத்தால் வறுத்துத் தின்பது, முறை வைத்துத் தூங்குவது. பகலில் தலையைத் தூக்கினால் எதிரி குறிபார்த்துச் சுடுவான். அதனால் பகல் முழுக்கக் குனிந்த வாழ்க்கை. சாயங்காலம் மறுபடி தயார் நிலை. இருட்டியதும்தான் உண்மையான வேலை தொடங்கும். இடிந்த சுவரை மணல்மூட்டை வைத்துக் கட்டுவது, முள்கம்பி அடிப்பது, பின்னாலிருந்து தண்ணீரும் உணவும் தோளில் கொண்டுவருவது, இரு வரிசைகளுக்கும் நடுவே இருந்த வெற்று நிலத்தில் ஊர்ந்து போய் வேவு பார்ப்பது. தண்ணீரைப் பெட்ரோல் டின்னில் கொண்டுவருவார்கள், அதனால் டீயில் பெட்ரோல் வாடை அடிக்கும். உணவு என்றால் டின் மாட்டிறைச்சி, கல் போன்ற பிஸ்கட், ஜாம்.

சீலைப்பேனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சட்டை மடிப்பிலும் கால்சட்டைத் தையலிலும் அது குடியிருக்கும். மெழுகுவர்த்திச் சுடரைத் தையல் ஓரமாக ஓட்டி முட்டையைப் பொசுக்குவார்கள். இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும். சொறிச்சலோடு அது போகவில்லை. திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தாங்க முடியாத வலி, பல வாரம் படுக்கை என்று ஒரு நோய் ஆயிரக்கணக்கானவர்களை வீழ்த்தியது. அதைப் பரப்பியது இந்தச் சீலைப்பேன்தான் என்று போரின் கடைசி ஆண்டில்தான் உறுதி செய்தார்கள். உங்கள் மருத்துவச் சீட்டில் பி.யூ.ஓ. என்று இருந்தால் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று பொருள். பல சமயம் அது இந்த நோய்தான். ஜி.எஸ்.டபிள்யூ. என்றால் எழுத்துப்படி துப்பாக்கிக் காயம், ஆனால் ஷெல் சிதறல் பட்டாலும் அப்படியே எழுதினார்கள். அதனால் 'தோட்டா பட்டது' என்று மகளை எழுத விடாதீர்கள். 'காயம்பட்டார்' என்று எழுதினால் போதும்.

நாள்கணக்கில் குளிர்ந்த சேற்றில் நின்றால் கால் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கும். அதைத் தடுக்கத் திமிங்கல எண்ணெயைக் காலில் தேய்க்கச் சொன்னார்கள். ஒருவர் காலை இன்னொருவர் தேய்க்க, அதிகாரி நின்று பார்க்க வேண்டும். பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற்ற கனடியர் எண்ணிக்கை 66,000-ஐத் தொட்டது. சிகிச்சையில் இருந்த நாட்களுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், அந்தப் பிடித்தமும் கணக்கில் தெரியும். கோப்பில் அப்படி ஏதாவது இருந்தால் மகளுக்கு எப்படிச் சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் அதை வைத்து அந்த மனிதரை எடைபோட வேண்டாம். வீட்டைவிட்டு ஓராண்டு, ஈராண்டு தள்ளியிருந்த இளைஞர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாளோ இரண்டு வாரமோ விடுப்பு கிடைத்தால் பிரிட்டிஷ் சிப்பாய் தன் அம்மா வீட்டுக்குப் போவார். கனடியர் லண்டன் வரைதான் போக முடியும்.

வீட்டோடு இருந்த ஒரே தொடர்பு தபால். கடிதத்தை அவருடைய அதிகாரியே வாசித்துத் தணிக்கை செய்வார். தன்னை நேரடியாக ஏவுகிற ஆள் வாசிப்பார் என்று தெரிந்து மனைவிக்கு எப்படி எழுதுவது? அதனால்தான் அந்தக் கடிதங்களில் வானிலையும் பார்சலுக்கு நன்றியும் அதிகம். எழுத நேரமில்லாத நாட்களுக்கு ஓர் அச்சட்டை இருந்தது. 'நான் நலம்', 'மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன்', 'உன் கடிதம் கிடைத்தது' என்று சில வரிகள் அச்சாகியிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் போட வேண்டும். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். பெரிய தாக்குதலில் உயிர் பிழைத்தவர்கள் மறுநாள் அனுப்பியது பெரும்பாலும் இதைத்தான். 'நான் நலம்' தவிர மற்றதெல்லாம் அடிக்கப்பட்ட ஓர் அட்டையை ஒரு குடும்பம் பத்திரமாக வைத்திருந்ததை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அடித்த கோடுகள் அவ்வளவு நேராக இருந்தன.

இப்போது சண்டை. 1916 கடைசியிலோ 1917 தொடக்கத்திலோ பிரான்ஸ் போய்ச் சேர்ந்திருந்தால், உங்கள் ஆள் வடக்குப் பிரான்ஸின் விமி மேட்டில் நடந்த சண்டையில் இருந்திருக்கலாம். 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள், ஆலங்கட்டியும் பனியுமாக அடித்த காலை. நான்கு கனடிய டிவிஷன்களும் முதல்முறையாகச் சேர்ந்து தாக்கின. இந்தச் சண்டையில் சாதாரணச் சிப்பாய்க்கு நடந்த ஒரு மாற்றத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அதுவரை வரைபடம் அதிகாரிகளின் சொத்து. விமிக்கு முன்னால் ஏறத்தாழ 40,000 வரைபடங்கள் அச்சிட்டுக் கீழ்மட்டம் வரை கொடுத்தார்கள். பின்னால் ஒரு வயலில் எதிரியின் குழிகளை நாடா கட்டிக் காட்டி, அதில் திரும்பத் திரும்ப நடக்கப் பழக்கினார்கள். சொந்தப் பீரங்கிகளின் குண்டுகள் ஒரு திரைபோல முன்னால் விழ, அது மூன்று நிமிடத்துக்கு நூறு கஜம் நகர, அதன் பின்னாலேயே சீராக நடக்க வேண்டும். வேகமாகப் போனால் தன் குண்டிலேயே சாக வேண்டும், தாமதித்தால் எதிரி தலையைத் தூக்கிவிடுவான். அதிகாரி விழுந்தால் சார்ஜென்ட், அவரும் விழுந்தால் கூலிவேலை செய்துவந்த ஒரு சிப்பாய் எங்கே போக வேண்டும் என்று தெரிந்து மற்றவர்களைக் கூட்டிப் போக முடிந்தது. நான்கு நாட்களில் மேடு கைக்கு வந்தது. 3,598 பேர் செத்தார்கள், 7,000-க்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் பெல்ஜியத்தின் பாஷெண்டேலில் சண்டை. சேறு என்றால் குளமான சேறு. பலகைப் பாதையிலிருந்து வழுக்கி விழுந்தவர்கள் மூழ்கிப்போனார்கள். காயம்பட்ட ஒருவரைத் தூக்க வழக்கமாக இரண்டு பேர் போதும், அங்கே ஆறு பேர் வேண்டியிருந்தது. கனடியர்களில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 15,600-க்கும் மேல்.

அவர் இறந்தது 1918 செப்டம்பர் என்கிறீர்கள். ஆகஸ்ட் 8 அன்று ஆமியாங்கில் தொடங்கி நவம்பர் 11-இல் மோன்ஸ் நகரில் முடிந்த கடைசி நூறு நாட்கள் என்று சொல்வார்களே, அதற்குள் வருகிறது. செப்டம்பர் 2-ஐ ஒட்டி என்றால் ஆராஸுக்குக் கிழக்கே டிரோகூர்–கேயான் அரண்வரிசையாக இருக்கலாம். 27-ஐ ஒட்டி என்றால் வடக்குக் கால்வாயைக் கடந்த சண்டையாக இருக்கலாம். வெற்றிமேல் வெற்றி வந்த மாதங்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது உண்மைதான். அந்த நூறு நாட்களில் கனடியப் படையில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 45,000 பேருக்கும் மேல் என்பதும் உண்மை. பதுங்குகுழிகளைவிட்டு வெளியே வந்து திறந்த நிலத்தில் முன்னேறிய மாதங்கள் அவை. அவர் பக்கத்தில் அப்போது புதிய முகங்கள் இருந்திருக்கும், கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள். 1917 ஆகஸ்டில் சட்டம் வந்தது, கியூபெக்கில் 1918 ஈஸ்டரின்போது கலவரமே நடந்து நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டவர்களில் சுமார் 24,000 பேர் பிரான்ஸ் வரை வந்தார்கள். தாமாக வந்தவர்கள் இவர்களை ஆரம்பத்தில் மதிக்கவில்லை. ஆனால் சாவு வித்தியாசம் பார்க்கவில்லை. போர் நிற்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, காலை 10:58-க்கு, மோன்ஸ் அருகே சுடப்பட்டு இறந்த ஜார்ஜ் பிரைஸ், சஸ்காச்சுவானிலிருந்து கட்டாயச் சட்டத்தில் எடுக்கப்பட்டவர்தான்.

ராணுவ ஒழுங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பில் நடத்தைத் தாள் இருந்தால், குடித்தது, அணிவகுப்புக்கு வராதது, பொத்தான் போடாதது என்று சின்னச் சின்னக் குற்றங்கள் இருக்கும். வண்டிச் சக்கரத்திலோ கம்பத்திலோ கட்டி நிறுத்தும் தண்டனையும் சில கோப்புகளில் இருக்கும். 25 கனடியச் சிப்பாய்களைச் சொந்த ராணுவமே சுட்டது, பெரும்பாலும் களத்தைவிட்டு ஓடியதற்காக. அவர்களில் எத்தனை பேருக்கு மனம் உடைந்துபோயிருந்தது என்று அன்றைய விசாரணை கேட்கவில்லை. அப்படிக் கொல்லப்பட்டவர்களில் 23 பேரின் பெயர்களை 2001-இல்தான் அரசு வருத்தம் தெரிவித்து நாடாளுமன்ற நினைவுப் புத்தகத்தில் சேர்த்தது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகள் வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். படையில் சேர எல்லோருக்கும் ஒரே கதவு திறக்கவில்லை. கறுப்பினத்தவர்களைப் பல ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1916 ஜூலையில் நோவா ஸ்கோஷியாவில் அவர்களுக்கென்று 2-ஆம் கட்டுமானப் பட்டாலியனை அமைத்து, கையில் துப்பாக்கிக்குப் பதில் கோடரி கொடுத்துப் பிரான்ஸில் மரம் வெட்ட வைத்தார்கள். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2022-இல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேர்க்க மறுத்ததால் ஜப்பானியக் கனடியர் ஆல்பர்ட்டா போய்ச் சேர்ந்தார்கள். 222 பேரில் 54 பேர் இறந்தார்கள். பூர்வகுடியினரில் 4,000 பேர் போல வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் பெகமகபோ குறிபார்த்துச் சுடுவதிலும் வேவு பார்ப்பதிலும் பேர்பெற்று ராணுவப் பதக்கத்தை மூன்று முறை வென்றார். அவருடைய மக்கள் பூர்வகுடியினர் என்ற சட்டத் தகுதியை இழக்காமல் தேசியத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொருவர், நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஒருவர், சிப்பாய் புக்கம் சிங். பஞ்சாபில் 1893-இல் பிறந்து, பதின்ம வயதில் பிரிட்டிஷ் கொலம்பியா வந்தவர். கனடியப் படையில் இருந்த சீக்கியர்கள் மொத்தமே பத்துப் பேர் அளவில்தான். 1914 ஜூலை 23 அன்று கோமகாட்டா மாரு கப்பலை, அதிலிருந்த இந்தியப் பயணிகளில் ஏறக்குறைய எல்லோரோடும் வான்கூவரிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் போர் வந்தது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் இவர் ஒன்டாரியோவில் படையில் சேர்ந்தார். ஊரில் மனைவி இருந்தார், அழைத்துவர அன்றைய குடிவரவு விதிகள் விடவில்லை. வாக்குரிமையும் இல்லை. 20-ஆம் பட்டாலியனில் ஃபிளாண்டர்ஸ் போய், 1916 கோடையில் இரண்டு முறை காயம்பட்டார். பிறகு காசநோய். கனடா திரும்பி, 1919 ஆகஸ்ட் 27 அன்று கிச்சனர் நகரில் இறந்தார், வயது 25. பல பத்தாண்டுகளுக்கு யாருக்கும் அவர் நினைவில்லை. 2007-இல் இங்கிலாந்தில் ஓர் அடகுக் கடையில் அவருடைய வெற்றிப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் படை எண்ணும் பொறித்திருப்பார்கள். அந்த விளிம்பை வைத்துத்தான் அவரையும், மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் இருந்த அவர் கல்லறையையும் கண்டுபிடித்தார்கள். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே ஆட்கள் கூடுகிறார்கள். கிச்சனர் பக்கம் போனால் மகளைக் கூட்டிப் போங்கள்.

உயிரோடு திரும்பியவர்களின் கதை தனி. கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1919 மார்ச்சில் வேல்ஸின் கின்மெல் பார்க் முகாமில் பொறுமையிழந்து கலவரம் வெடித்து ஐந்து கனடியர்கள் செத்தார்கள், அதுவும் போர் முடிந்து நான்கு மாதம் கழித்து. விடுவிக்கும்போது துணி வாங்க 35 டாலர், சேவைக் காலத்தைப் பொறுத்து அதிகபட்சம் ஆறு மாதச் சம்பள அளவுக்கு ஒரு தொகை. காயத்துக்குப் பென்ஷன் என்றால் ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவர்கள் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். நச்சுப்புகை குடித்து ஐந்தாறு ஆண்டு கழித்து மூச்சுவிட முடியாமல் போனவர், அது போரால் வந்தது என்று நிரூபிக்கப் படாதபாடு பட்டார்.

உங்கள் ஆள் திரும்பவில்லை. வீட்டுக்கு முதலில் தந்தி வந்திருக்கும். பிறகு மீதிச் சம்பளக் கணக்கு. அவர் சம்பளப் புத்தகத்தில் எழுதிவைத்த உயில், அநேகமாக 'என் உடைமைகள் எல்லாம் என் தாய்க்கு' என்பது போல ஒற்றை வரி. அதன் நகல் கோப்பில் இருக்கும், தேடிப் பாருங்கள். பின்னர் பெயர் பொறித்த வெண்கலத் தகடு, சுருள். அம்மாவுக்கும் மனைவிக்கும் 1919 டிசம்பரில் நிறுவிய வெள்ளிச் சிலுவை. உடல் கிடைக்காதவர் என்றால் அவர் பெயர் விமி நினைவுச் சின்னத்தில் இருக்கும். பிரான்ஸில் காணாமற்போன 11,285 கனடியரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன.

இனி செய்ய வேண்டியது. கோப்பிலிருந்து அவர் கடைசியாக இருந்த பட்டாலியன் எண்ணை எடுங்கள். அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பும் அதே கனடிய நூலக ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தார்கள், வானிலை எப்படி, எத்தனை பேர் மண் வெட்டப் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். சாதாரணச் சிப்பாயின் பெயர் வருவது மிக அபூர்வம், எண்ணிக்கையாகத்தான் வருவார். நீங்கள் எழுதிவைத்த தேதிகளை அதோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவர் காய்ச்சலில் கிடந்த மாதங்களைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் நாட்கள் அவருடையவை. அப்புறம் 'இறந்த சூழ்நிலை' என்ற தனிப் பதிவேட்டைத் தேடுங்கள். சிலருக்கு 'சண்டையில் கொல்லப்பட்டார்' என்று மட்டும் இருக்கும். சிலருக்கு, எந்தக் கிராமத்தின் அருகே, காலையா மாலையா, கூட இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று இரண்டு மூன்று வரி தட்டச்சு செய்திருப்பார்கள். அப்படி வரிகள் இருந்தால் கட்டுரையில் அதை விளக்க வேண்டாம், அப்படியே எடுத்து எழுதச் சொல்லுங்கள்.